சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு: பணக் கணக்கை எங்கே படிப்பது

தேவகோட்டையிலிருந்து போன மாதம் வந்த ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, முதல் சம்பளம் வந்துருச்சு. பணத்தைப் பத்திக் கத்துக்க யூடியூபில் யாரைப் பார்க்கலாம்?" நான் திருப்பிக் கேட்டேன்: "சொல்லிக்கொடுக்கிறவருக்கு உன்னால் என்ன வரும்னு முதல்ல பாரு."

இந்தக் கேள்வியை நான் காசு கொடுத்துக் கற்றேன். வந்த புதிதில் ஓர் இலவச ஆன்லைன் வகுப்பு. நல்ல தமிழ், நல்ல விளக்கம். முடிவில் முதலீடும் காப்பீடும் கலந்த ஒரு பாலிசியில் கையெழுத்துப் போட்டிருந்தேன். பாலிசி கைக்கு வந்த 14 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பலாம் என்பது ஐந்தாவது மாதம்தான் தெரிந்தது. நானோ வட்டிக்கடைக்காரர் பேரன்!

அதனால் முதலில் மணிசென்ஸ். பணக் கணக்கு சொல்லிக்கொடுக்க 2003-இல் தொடங்கிய சிங்கப்பூர் அரசுத் திட்டம். நம்மிடம் விற்க அவர்களிடம் ஒன்றுமில்லை. காப்பீடு எடுக்கும் முன் கம்பேர்ஃபர்ஸ்ட் தளத்தில் பிரீமியங்களை ஒப்பிடுங்கள். யாராவது அபார லாபம் பேசினால், சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் (MAS) முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். பட்டியலில் இல்லை என்பதாலேயே நல்லவர் என்று ஆகிவிடாது, சரியா?

நம் ஆட்கள் வழுக்குவது வரியில். ஊரில் சம்பளத்திலேயே பிடித்துவிட்டு மீதியைத் தருவார்கள். இங்கே மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள். இந்த வருஷச் சம்பளத்துக்கு அடுத்த வருஷம் பில் வரும். அதற்குள் அந்தப் பணம் திருப்பத்தூர் பக்கம் மனையாகவோ தங்கையின் நகையாகவோ மாறியிருக்கும். சிங்கப்பூர் வருமான வரி ஆணையத்தின் (IRAS) தளத்தில் கணக்கிடும் கருவி இருக்கிறது. சம்பளத்தைப் போட்டு, வரும் தொகையை 12-ஆல் வகுத்து, மாதாமாதம் தனியே ஒதுக்குங்கள். கைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாடு) வழியாக 12 தவணையில் வட்டியில்லாமல் கட்டலாம். வேலையை விட்டு ஊர் திரும்பும்போது, வரிக் கணக்கு முடியும்வரை கம்பெனி உங்கள் பாக்கிப் பணத்தை நிறுத்தி வைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று: உள்ளூர் வீடியோக்களில் பாதி, சம்பளத்தில் பிடிக்கும் சேமநிதியான சிபிஎஃப் பற்றித்தான். இ-பாஸ், எஸ்-பாஸ் என்ற வேலை அனுமதியில் வந்த நமக்கு அது கிடையாது. இங்குள்ள குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டாயச் சேமிப்பு ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. நமக்கு நாமே பிடித்துக்கொண்டால்தான் உண்டு. சம்பளத்தில் இத்தனை சதவீதம் சேமி என்று அவர்கள் சொல்லும் விகிதக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தியப் பக்கத்துக்கு ரிசர்வ் வங்கித் தளத்தில் உள்ள கேள்வி-பதில்களே போதும். ஊரில் வைத்திருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ-வாக (வெளிநாட்டில் வாழ்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாற்றியே ஆக வேண்டும். பலர் வருஷக்கணக்கில் மாற்றுவதில்லை. இங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ என்ற தனிக் கணக்கு: வட்டிக்கு அங்கே வரியில்லை, எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துவரலாம். பழைய பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், புதிதாகத் தொடங்க முடியாது. பங்குச் சந்தை ஆசை இருந்தால் ஜெரோதா என்ற நிறுவனத்தின் வார்சிட்டி பாடத் தளம் இலவசம், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பங்குத் தரகர்கள்; மேலே சொன்ன கேள்வி அவர்களுக்கும் பொருந்தும். அப்பச்சி, ஆத்தாளுக்கு (அப்பா, அம்மாவுக்கு) அனுப்ப, இந்தியப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியின் நிதிக் கல்விக் கையேடு தமிழிலேயே இருக்கிறது.

கடன் விஷயம் சுருக்கமாக. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற வட்டிக்காரர் மாதத்துக்கு 4 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, வாட்ஸாப்பில் ஆள் பிடிக்கவும் கூடாது. வாட்ஸாப்பில் வந்தால், அவரை நம்பலாமா என்பதற்கு அதுவே பதில்.

எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியைப் பெற்றவர், இங்கே மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் (செட்டியார்களின் வட்டிக்கடை) பெட்டியடிப் பையனாக, அதாவது கடை எடுபிடியாகத் தொடங்கியவர். சிட்டையில் (அன்றாடக் குறிப்பு) குறித்ததைப் பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை (வரவு, செலவு, இருப்பை ஒப்புப் பார்க்கும் கணக்கு) போடாமல் கணக்கை மூட மாட்டாராம். என் மொபைலில் உள்ள எக்செல் தாளுக்கும் 'ஐந்தொகை' என்றுதான் பெயர். எத்தனையோ ஆப் போட்டுப் பார்த்தேன், எதுவும் இரண்டு மாதம் தாண்டவில்லை. கையால் எழுதினால்தான் கோப்பிக்கடைச் செலவு உறைக்கிறது.

வரிக் கருவியில் எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்று குழம்பினால் இங்கேயே கேளுங்கள். ஆனால் உங்கள் சம்பளம் எவ்வளவு என்று இங்கே எழுதிவிடாதீர்கள்.