பதிவேட்டை முதலில் எடுங்கள்

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தன் வீட்டு முன்கட்டில் சின்ன அருங்காட்சியகம் வைத்திருந்தார். மரக்கால், படி, உழக்கு என்று நெல், அரிசி அளக்கும் பாத்திரங்கள், பர்மாவிலிருந்து வந்த எனாமல் தூக்குகள், கடிதங்கள், மொய் நோட்டுகள். அவர் காலமானதும் வீடு விலைபோனது. காலி செய்யப் பத்து நாள்தான் அவகாசம்.

நானும் இரண்டு நண்பர்களும் போனோம். கண்ணுக்கு அழகாகப் பட்டதையெல்லாம் முதலில் ஏற்றினோம். அதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. பதிவேடு அலமாரி அடித்தட்டில் பழைய காலண்டர்களோடு கிடந்தது. நாலாம் நாள்தான் கையில் கிடைத்தது. ஒவ்வொரு பொருளுக்கும் எண் போட்டு, யார் வீட்டிலிருந்து வந்தது, கொடுத்தவர் என்ன சொன்னார் என்று வாத்தியார் எழுதியிருக்கிறார். அதற்குள் நூலில் கட்டியிருந்த எண் சீட்டுகள் பாதி அறுந்து சாக்குக்குள் கொட்டிவிட்டன.

என்னிடம் இப்போது பதினோரு படிகள் இருக்கின்றன. அதில் ஒன்றைப் பற்றிப் பதிவேட்டில் இப்படி இருக்கிறது: அறுவடைக் கூலி அளந்த படி, கொடுத்தவரின் அம்மாவுக்கு இதைப் பார்க்கவே பிடிக்காது. அது எந்தப் படி என்று எனக்குத் தெரியவில்லை.

மொய் நோட்டுகள் தப்பித்தன, அட்டையிலேயே விவரம் இருந்ததால். ஒரு ரூபாய், எட்டணா, நாலு படி அரிசி என்று ஊரே வரிசையாக நிற்கிறது. எந்தத் தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்பதும் அதிலேயே தெரிகிறது. துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிட்டுப் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் செலோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். படங்களின் பின்னால் எழுதுவதானால் பென்சில்தான்.

மறுமொழி

அண்ணா, படிக்கவே மனசு கனத்தது. பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தேடிச் சேர்த்த கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபோது அவருடைய சேகரிப்பில் புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகைகளும் நாடக நோட்டீஸ்களும் இருந்தன. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கியது. கப்பலேற்றாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள். பிரித்து விற்றிருந்தால் அந்த நோட்டீஸ்களை யார் சீண்டியிருப்பார்கள்? நீங்களும் எதையும் தனியாகக் கொடுத்துவிடாதீர்கள். பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள். அப்புறம், பொருளைக் கொடுத்த வீட்டில் யாராவது இருப்பார்களே, விசாரித்தீர்களா?

மறுமொழி

விசாரித்தேன் தம்பி. படி கொடுத்தவருடைய தங்கை தேவகோட்டையில் இருக்கிறார், எண்பது வயது தாண்டிவிட்டது. போனில் பேசினேன். விளிம்பில் ஒரு நெளிவு இருக்கும், கையில் எடுத்தால் சொல்லிவிடுவேன் என்கிறார். என்னிடம் இருப்பதில் மூன்று படிகளுக்கு விளிம்பு நெளிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பதினொன்றையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.