காலையில் மட்டும் மிஸ் அடிக்கும் பழைய மினிவேன்: பிளக், காயில் மாற்றியும் பி0304 போகவில்லை

பழையவேன்:
2004 மாடல் மினிவேன், 3.3 லிட்டர் வி6 பெட்ரோல். 2,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இரவு முழுக்க நின்றபின் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு நிமிடம் போல உதறுகிறது, செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னுகிறது. பிறகு சரியாகிவிடும். பகலில் எத்தனை முறை அணைத்து எடுத்தாலும் உதறல் இல்லை. ஸ்கேனரில் பி0304 என்ற பிழைக் குறியீடு மட்டும். பிளக், பிளக் வயர், காயில் பேக் எல்லாம் புதிது. ஒரு மாற்றமும் இல்லை. கூலன்ட் மெல்ல மெல்ல இறங்குகிறது, ஆனால் தரையில் சொட்டு இல்லை. அடுத்து இன்ஜெக்டர் வாங்கலாமா?

ஸ்பேனர்செட்:
வாங்காதீங்க சார். பி0304 நாலாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று மட்டும்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. இந்த வகை காயில் பேக்கில் ஒரு சுருள் இரண்டு சிலிண்டருக்கு ஸ்பார்க் தரும். சுருள் கெட்டிருந்தால் ஜோடி சிலிண்டரின் குறியீடும் சேர்ந்தே வந்திருக்கும். இன்ஜெக்டர் என்றால் சூட்டிலும் ஏதாவது காட்டும். சந்தேகம் தீர, நாலாம் இன்ஜெக்டரை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். குறியீடு பி0302 ஆனால்தான் குற்றம் இன்ஜெக்டர் மேல்.

குளிரில் மட்டும் மிஸ், கூடவே காணாமல் போகும் கூலன்ட்: இரண்டையும் சேர்த்தே பார்க்கணும். இன்ஜின் அணைந்த பிறகும் கூலன்ட்டில் அழுத்தம் நிற்கும். சின்ன கசிவு இருந்தால் ராத்திரி முழுக்க சிலிண்டருக்குள் இறங்கும். காலையில் பிளக் நனைந்திருக்கும், அந்த ஈரம் எரிந்து போனதும் இன்ஜின் சீராகும்.

ஆனால் முதலில் வெளிக்கசிவு இல்லை என்று உறுதி செய்யுங்கள். பின்சீட்டுக்குத் தனி ஹீட்டர் உண்டா? அதற்குப் போகும் உலோகக் குழாய் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் துருப்பிடித்து ஓட்டையாகும். ஓடும்போது மட்டும் கசிவதால் நிறுத்திய இடத்தில் தடம் இருக்காது. வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சின்னத் துளையில் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

விளக்கு மின்னும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும்.

கிரீஸ்கை:
அண்ணே, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள பிஸ்டன் ஏத்துற அழுத்தம்) பார்த்தீங்களா? இன்ஜினைச் சூடாக்கி, ஃபியூல் பம்ப் ஃபியூஸை எடுத்து, காயில் கனெக்டரையும் கழட்டி, ஆறு பிளக்கையும் வெளியே எடுங்க. அலுமினிய ஹெட்டுனா கொதிக்கிற சூட்டுல பிளக்கைத் திருகாதீங்க, மரை போயிடும், கொஞ்சம் ஆறவிடுங்க. திராட்டிலை (காத்து உள்ளே போற கதவு) முழுசா திறந்து வெச்சு, பிளக் துளையில கேஜை மாட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் அஞ்சாறு அடி அடிக்கிற வரைக்கும் ஸ்டார்டரைச் சுத்துங்க. குறைஞ்ச சிலிண்டர், அதிக சிலிண்டரோட 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. போனா ஒரு மேஜைக்கரண்டி ஆயில் ஊத்தி மறுபடி பாருங்க. ஏறினா ரிங், ஏறலைன்னா வால்வு இல்லைன்னா ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல கசியாம அடைக்கிற தகடு).

பழையவேன்:
வெளிக்கசிவு எங்கும் இல்லை. இன்ஜெக்டரை மாற்றிப் போட்டும் அதே பி0304. கம்ப்ரஷன் ஆறிலும் 160 முதல் 170 பிஎஸ்ஐ. நாலாம் பிளக்கின் பீங்கான் மட்டும் கழுவி வைத்ததுபோல் வெள்ளையாக இருக்கிறது, மற்றவை வெளிர்பழுப்பு. அப்படியென்றால் ஹெட் கேஸ்கெட் நன்றாகத்தானே இருக்கிறது? ஒருவர் ரேடியேட்டரில் ஊற்றும் லீக் சீலர் போதும் என்கிறார்.

ஸ்பேனர்செட்:
கம்ப்ரஷன் நன்றாக இருப்பதை வைத்து கேஸ்கெட்டுக்கு நற்சான்று தர முடியாது. தலைமுடி அளவு கசிவில் கூலன்ட் ராத்திரி முழுக்க இறங்கும்; சில விநாடி ஓடும் கம்ப்ரஷன் சோதனையில் அது தெரியாது. சீலர் வேண்டவே வேண்டாம். கசியும் இடத்தை அடைக்கிறதோ இல்லையோ, ஹீட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும்.

இப்படிச் செய்யுங்கள். இன்ஜின் முழுக்க ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 15 பிஎஸ்ஐ, ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் ஆறு பிளக்கையும் எடுத்து, நாலாம் சிலிண்டரில் போரஸ்கோப் (சின்னக் குழாய் கேமரா) விட்டுப் பாருங்கள். பிஸ்டன் தலையில் ஈரம் மினுங்கினால் விஷயம் உறுதி. உள்ளே நிறைய தேங்கியிருந்தால் பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள். நீர் சுருங்காது, கனெக்டிங் ராட் வளையும். பிளக் இல்லாமல் சுற்றி வெளியே தள்ளுங்கள்.

ஹெட்டைக் கழற்ற அவசரம் வேண்டாம். இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் பாகம்) கூலன்ட் பாதை போகும் இன்ஜின்களில் அந்த கேஸ்கெட் கசிந்தாலும் இதே அறிகுறிதான் வரும். ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃபியூல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு) இரண்டு பேங்க்கிலும், அதாவது வி6-இன் இரண்டு பக்க சிலிண்டர் வரிசையிலும், எவ்வளவு?

பழையவேன்:
காலையில் 15-லிருந்து 9-க்கு இறங்கியிருந்தது. நாலாம் பிஸ்டன் ஈரம். டிரிம் ஐடிலில் பேங்க் 1-இல் +2, பேங்க் 2-இல் +13. 2500 ஆர்பிஎம்மில் இரண்டும் +3-க்குள். நாலாம் சிலிண்டர் பேங்க் 2.

ஸ்பேனர்செட்:
ஐடிலில் ஏறி, ஆர்பிஎம் கூடினால் இறங்கும் டிரிம், எங்கோ காற்றை உறிஞ்சுகிறது என்பதற்கு அடையாளம். அதுவும் அதே பேங்க்கில். இன்டேக் கேஸ்கெட் மேல் சந்தேகம் வலுக்கிறது.

முடிவு செய்ய லீக்டவுன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்ப்பது. நாலாம் பிஸ்டனை கம்ப்ரஷன் அடியின் உச்சிக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும். பிளக் துளை வழியே 100 பிஎஸ்ஐ காற்று. கிராங்க்கில் ராட்செட்டை விட்டுவைக்காதீர்கள், காற்றழுத்தத்தில் சுழன்று கையை அடிக்கும். திறந்த ரேடியேட்டர் வாயில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது விரிசல். குமிழியே இல்லையென்றால், கசிவு பெரும்பாலும் வால்வுக்கு அந்தப் பக்கம், அதாவது இன்டேக் போர்ட்டில்.

பழையவேன்:
பத்து நிமிடம் காற்று விட்டேன். ஒரு குமிழிகூட இல்லை. கீழ் இன்டேக் கேஸ்கெட் செட் வாங்குகிறேன். கழற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

கிரீஸ்கை:
தப்பிச்சீங்க, ஹெட் இறக்குற வேலை இல்லை. ஃபியூல் பிரஷரை இறக்கிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, கூலன்ட்டை வடிங்க. மேல் இன்டேக்கைத் தூக்கினதும் பின்பக்க மூணு பிளக்கும் கைக்கு எட்டும். பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள்ள சேர்ற வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோற ரப்பர் குழாய்) மெத்துமெத்துன்னு இருந்தா, பிளக் வயர் உரசியிருந்தா அப்பவே பாத்துடுங்க, அப்புறம் எட்டாது.

கீழ் இன்டேக் கழண்டதும் போர்ட் எல்லாத்துலயும் துணியைத் திணிங்க. பழைய கேஸ்கெட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால எடுங்க. மெஷின்ல மாட்டுற தேய்ப்பு வட்டு வேண்டாம். அதோட தூள் ஆயிலுக்குள்ள போய் பேரிங்கைத் தின்னும்.

ஸ்பேனர்செட்:
ஹெட்டும் பிளாக்கும் சேரும் நாலு மூலையிலும் சிறு பொட்டாக சிலிக்கான் சீலன்ட். போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். அளவு உங்கள் இன்ஜினின் மேனுவலில் உள்ளதுதான். அங்குல பவுண்டா, அடி பவுண்டா என்று இருமுறை பாருங்கள். இந்த போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் குறைந்த டார்க்தான், அலகு மாறினால் மரை கையோடு வந்துவிடும்.

மேனிஃபோல்டைத் தூக்கும்போது கூலன்ட் இரண்டு ஹெட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்துக்குள் சிந்தி ஆயிலில் கலந்திருக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆகவேண்டும்.

கடைசியாக ஏர் எடுப்பது. முன், பின் இரண்டு ஹீட்டரையும் முழுச் சூட்டில் வைத்து, பின் ஹீட்டரில் சூடான காற்று வரும்வரை ஓடவிடுங்கள். மினிவேனில் அந்த நீளக் குழாயில்தான் காற்று சிக்கும். ஆறியபின் அளவு பார்த்து நிரப்பி, மறுபடி ஒரு இரவு 15 பிஎஸ்ஐ ஏற்றி வையுங்கள். முள் அசையாவிட்டால் பி0304-ஐ அழித்துவிட்டு ஓட்டலாம்.