பழைய ஹைலக்ஸ் பிக்கப்: சேஸ் துருவுக்கும் 33 அங்குல டயருக்கும் ஆலோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. 1985 டொயோட்டா ஹைலக்ஸ் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஒன்றைச் சீரமைத்து வருகிறேன். முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்), 22ஆர் என்ற பெட்ரோல் எஞ்சின். எஞ்சின் அருமையாக ஓடுகிறது, அதில் கை வைக்கப்போவதில்லை.

பெரிய கவலை சேஸ்தான், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம். பின்பக்க ஸ்பிரிங் பிராக்கெட்டுக்கு மேலே சுத்தியலால் தட்டினால் மந்தமான சத்தம் வருகிறது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் ஓரிடத்தில் உள்ளே இறங்குகிறது. பெட்டி வடிவச் சேஸுக்குள் சேறு தங்கி, உள்ளிருந்தே அரித்திருக்கிறது. வெளியே தகடு வைத்து வெல்டிங் செய்தால் போதும் என்கிறார்கள் சிலர். எனக்கு மனம் ஒப்பவில்லை. உள்ளே துரு இருக்க, மேலே ஒட்டுப் போட்டு என்ன பயன்? அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துப் புதுத் துண்டு சேர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சேஸ் கோணாமல் இருக்க எங்கெங்கே முட்டுக் கொடுத்தீர்கள்? சரக்கு ஏற்றும் பின் தொட்டியை முழுதாகக் கழற்றினீர்களா?

அப்புறம் டயர். இப்போது இருப்பது 28.5 அங்குல விட்டம், 33க்குப் போக ஆசை. கிரவுன் பினியன் விகிதம் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது) 4.10. அதை அப்படியே விட்டால் ஏற்றத்தில் இழுவை குறையும். பழைய இழுவை வேண்டுமானால் கணக்குப்படி 4.75 வருகிறது, அதனால் 4.88 போடலாம் என்று நினைக்கிறேன். நெடுஞ்சாலையில் எஞ்சின் ரொம்பக் கத்துமா? வண்டியை அதிகம் உயர்த்தினால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர் பெட்டியிலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) கோணம் கூடி அதிர்வு வரும் என்பதால், கொஞ்சமாக உயர்த்திவிட்டு, டயர் உரசாதபடி ஃபெண்டரை (சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டை) வெட்டுவதே நல்லது என்று தோன்றுகிறது.

முன் நக்கிளில் (முன் சக்கரம் திரும்பும் மூட்டில்) கிரீஸோடு கியர் ஆயிலும் கலந்து வழிகிறது. உள் சீலோடு பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிடலாமா? வெட்டி வெல்டிங் செய்த படங்கள் இருந்தால் அவசியம் போடுங்கள்.