ரோந்து மேற்பார்வையாளருக்கு முதல் தகுதி கள அனுபவமா, சட்ட அறிவா?

இரவுக்காவல் எழுதியது:

ரோந்து மேற்பார்வையாளர் பதவிக்கு எழுத்துத் தேர்வும் நேர்காணலுமே போதும், ரோந்தில் கழித்த ஆண்டுகளுக்குத் தனி மதிப்பெண் தேவையில்லை என்று சட்டப்பித்தன் வேறொரு திரியில் எழுதியிருந்தார். அதை மறுக்க விரும்புகிறேன். பணி தொடங்கும்போது ஆட்களைச் சரிபார்ப்பது, முந்தைய குழுவினர் விட்டுச்சென்ற தகவல்களைச் சொல்வது, வண்டிகளையும் ஆயுதங்களையும் பார்வையிடுவது, யாரை எந்தப் பகுதிக்கு அனுப்புவது என்று முடிவு செய்வது ஆகிய அனைத்தும் இவர் பொறுப்பு. அதன் பிறகுதான் உண்மையான வேலையே தொடங்குகிறது. வயர்லெஸில் வரும் குரல்களில் எது வழக்கமானது, எதில் பதற்றம் இருக்கிறது என்று இவர் பிரித்தறிய வேண்டும். பணிக்குப் புதியவர் "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் தொனியிலிருந்தே அவருக்கு உதவி தேவை என்று உணரும் திறனை எந்தத் தேர்வும் அளப்பதில்லை.

சட்டப்பித்தன் எழுதியது:

பணியாண்டுகள் கூடக் கூடத் தகுதியும் கூடும் என்ற கணக்கை ஏற்க இயலாது. 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாப்பொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தை முழங்காலால் அழுத்தி, அவர் உயிரிழக்கக் காரணமானவர் 19 ஆண்டுகள் பணியாற்றிய காவலர். உடனிருந்தவர்களில் இருவர் பணிக்கு முற்றிலும் புதியவர்கள். அவர்களில் ஒருவருக்குக் களப்பயிற்சி அளித்தவரும் அந்த மூத்தவரே. ஃபிளாய்டைப் பக்கவாட்டில் திருப்பிவிடலாமா என்று புதியவர் ஒருவர் கேட்டபோதும் மூத்தவர் இசையவில்லை. அங்கே அனுபவம் பிறரின் வாயை அடைக்கத்தான் பயன்பட்டது. பலப்பிரயோகம் எந்தக் கட்டத்தில் நிற்க வேண்டும் என்ற சட்டத் தெளிவும், தன்னைவிட மூத்தவரிடமும் அதைச் சொல்லும் உறுதியும் உடையவரே மேற்பார்வைக்கு உரியவர். இவ்விரண்டையும் தேர்வின் வழியாகவும் மாதிரிச் சூழல்களின் வழியாகவும் சோதித்துப் பார்க்கலாம்.

இரவுக்காவல் எழுதியது:

அதே நிகழ்வின் மறுபக்கத்தையும் பாருங்கள். கண்காணிப்புக் கேமராவில் அந்தக் காட்சியைக் கண்ட கட்டுப்பாட்டு அறை ஊழியர், ஏதோ சரியில்லை என்று மேற்பார்வை சார்ஜென்டுக்குத் தெரிவித்தார். சார்ஜென்ட் அந்த மூத்த காவலரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, முழங்காலை வைத்தது பற்றிக் காவலர் வாய் திறக்கவில்லை. 2021-இல் நடந்த நீதிமன்ற விசாரணையில் இதைச் சொன்ன அதே சார்ஜென்ட், ஃபிளாய்டின் எதிர்ப்பு நின்றபோதே பலப்பிரயோகத்தையும் நிறுத்தியிருக்கலாம் என்றும் சாட்சியமளித்தார். ஆகவே சட்டத் தெளிவு அவரிடம் இருந்தது. ஆனால் அவர் அந்த இடத்தில் இல்லை. அவர் வந்து சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது.

ஊர்க்குருவி எழுதியது:

இருவருமே ஒரு மனிதரின் குணத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். அவரிடம் எத்தனை பேரை ஒப்படைக்கிறோம் என்பதை யாரும் கேட்கவில்லை. பேரிடர்களின்போது பின்பற்றப்படும் சம்பவக் கட்டளை முறையில் ஒருவர் 3 முதல் 7 பேரையும், கூடுமானவரை 5 பேரையும் மேற்பார்வையிட வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. அன்றாட ரோந்துக்கு அதையே அப்படியே பொருத்த முடியாதுதான். இருந்தாலும், நெடுந்தூரம் சிதறிக் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு வண்டிகளை ஒருவர் தலையில் கட்டிவிட்டால், அவர் எத்தனை ஆண்டுகள் களத்தில் இருந்திருந்தாலும், எத்தனை தேர்வுகளில் முதலிடம் பெற்றிருந்தாலும், வயர்லெஸில் ஒலிக்கும் குரலாக மட்டுமே மிஞ்சுவார்.

சட்டப்பித்தன் எழுதியது:

எண்ணிக்கை பற்றிய கருத்தை ஏற்கிறேன். ஆனால் களத்தில் இருந்தாலே நன்மை விளையும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. இண்டியானாபொலிஸ், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகிய அமெரிக்க நகரங்களில் குற்றவியல் ஆய்வாளர் ராபின் எங்கெல் நடத்திய ஆய்வு மேற்பார்வையாளர்களை நான்கு வகையாகப் பிரித்தது. அவர்களுள் தாமே களத்தில் இறங்கி வேலை செய்தவர்களின் கீழிருந்த காவலர்கள்தான் பலப்பிரயோகத்தில் அதிகம் ஈடுபட்டார்கள்.

இரவுக்காவல் எழுதியது:

ஆய்வின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். அதே வகையினரின் கீழிருந்த காவலர்கள் அழைப்புக்காகக் காத்திராமல் தாமாகவே முன்வந்து செய்யும் பணிகளிலும் அதிக நேரம் செலவிட்டார்கள் என்பதும் அந்த ஆய்வின் முடிவே. மேலதிகாரி கண்முன்னே செய்வதைக் காவலர்கள் பின்பற்றுகிறார்கள் என்றுதான் இதற்குப் பொருள். அவர் கைகலப்பில் இறங்கினால் அவர்களும் இறங்குவார்கள். அவர் பேசித் தணித்தால் அவர்களும் அதைக் கற்றுக்கொள்வார்கள்.

ஊர்க்குருவி எழுதியது:

வாகனத் துரத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். துரத்தும் வண்டியில் இருப்பவருக்கு முன்னால் போகும் வண்டி மட்டுமே தெரியும். வேகம், நெரிசல், மழை, தப்பியோடுபவர் செய்த குற்றத்தின் தன்மை ஆகியவற்றை எடைபோட்டு "நிறுத்துங்கள்" என்று உத்தரவிட வேண்டியவர் மேற்பார்வையாளர். அவரும் அந்தத் துரத்தலில் சேர்ந்துகொண்டால் நிறுத்தச் சொல்ல ஆளே இருக்காது. களத்துக்குப் போவது வேறு, களத்தில் கரைந்துபோவது வேறு.

சட்டப்பித்தன் எழுதியது:

இந்த வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் ரோந்தில் நெடுங்காலம் இருந்தவருக்குத்தான் கரையாமல் நிற்பது கடினம் என்பதே என் கவலை. நேற்றுவரை தோளோடு தோள் நின்ற நண்பரின் அறிக்கையை, அவர் உடையில் அணிந்திருந்த கேமராவின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாத இடத்தைக் குறித்து மேலே அனுப்ப வேண்டிய நாள் வரும். அன்றைக்கு அந்த அனுபவம் எந்தப் பக்கம் சாயும்?

இரவுக்காவல் எழுதியது:

அதற்காகத்தான் பதவி உயர்வு பெற்றவரை முதலில் வேறு குழுவுக்கு அனுப்ப வேண்டும், ஓராண்டு தகுதிகாண் பருவத்தில் வைக்க வேண்டும் என்கிறேன். தேர்வை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரோந்தில் குறைந்தது ஐந்தாண்டுகளை முடித்தவர் மட்டுமே அதை எழுதட்டும்.

சட்டப்பித்தன் எழுதியது:

மூன்றாண்டு போதும். அதிலும் இரவுப் பணி எவ்வளவு, புகார்கள் எத்தனை, அவற்றின் முடிவு என்ன என்பதையெல்லாம் பார்க்காமல் ஆண்டுகளை மட்டும் எண்ணுவதற்கு நான் உடன்பட மாட்டேன்.