தினமலர் திருவனந்தபுரத்தில் அச்சானதா? பரணில் கிடைத்த பழைய தாள்

களியக்காவிளைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். தாத்தா வீட்டுப் பரணை ஒதுக்கும்போது ஒரு தகரப் பெட்டிக்கு அடியில் விரித்திருந்த தினமலர் தாள் ஒன்று கிடைத்தது. ஓரம் பொடிந்துவிட்டது, தேதியில் 1955 மட்டும்தான் தெரிகிறது. கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிட்டு வெளியிட்டவர் வரியில் திருவனந்தபுரம் என்று போட்டிருக்கிறது. அது கேரளப் பதிப்பா? அப்படியென்றால் அந்தக் காலத்திலேயே தமிழ்ப் பத்திரிகைக்குக் கேரளப் பதிப்பு இருந்ததா? அப்பாவிடம் கேட்டால் "எனக்கென்னல தெரியும், நான் அப்போ பொறக்கவே இல்ல" என்கிறார். அப்புறம் இன்னொன்று: நம்ம பக்கத்தில் முதலில் வந்த பத்திரிகை எது?

வடசேரி அண்ணாச்சி:
தம்பி, அது பதிப்பு இல்லை, அதுதான் தாய்வீடு. தினமலர் 1951 செப்டம்பர் 6-ல் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கியது. தொடங்கிய டி.வி.ராமசுப்பையர் நம்ம நாகர்கோவில்காரர். 1955-ல் களியக்காவிளையும் நாகர்கோவிலும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்குள்தான் இருந்தன, தலைநகர் திருவனந்தபுரம். கேரளம் என்ற மாநிலமே அப்போது கிடையாது, அது 1956 நவம்பர் 1-ல் வந்தது. அதே நாளில்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் சென்னை மாநிலத்துக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது. மறு வருஷமே, 1957-ல், பத்திரிகையும் திருநெல்வேலிக்கு வந்துவிட்டது. எல்லைக்கோடு நகர்ந்தது, பின்னாலேயே அச்சகமும் நகர்ந்தது.

நாகர்கோவிலிலேயே ஏன் தொடங்கவில்லை என்று கேட்பீர்கள். என் கணக்கு இதுதான்: எந்த அரசிடம் முறையிட வேண்டுமோ அது உட்கார்ந்திருக்கும் ஊரிலேயே பத்திரிகை வந்தால்தான் காலையில் மந்திரி மேசைக்கு அது போகும். தமிழ்த் தாலுகாக்களைப் பிரித்துக் கொடு என்று நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது, உங்கள் ஊரிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம்தானே. தாத்தா அந்தத் தாளை வாங்கியதற்குக் காரணம் வேறு தேட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

செங்கோட்டை ரயிலடி:
அண்ணாச்சி சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். போராட்டம் மட்டும் பத்திரிகை நடத்தாது, விளம்பரமும் சந்தாவும் வேண்டும். திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெரு முழுக்கத் தமிழ் வியாபாரிகள், கரமனையில் தமிழ் அக்கிரகாரம், செயலகத்தில் தமிழ் குமாஸ்தாக்கள். வாசிக்கிற ஆள் அங்கேயே இருந்தார்கள். போக்குவரத்தையும் பாருங்கள். நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-ல்தான், அதுவரை பண்டலைக் கட்டிப் பஸ்ஸில்தான் ஏற்ற வேண்டும். எங்கள் ஊர் வழியாகக் கொல்லத்துக்கு 1904-லேயே ரயில் ஓடியது, 1931-ல் திருவனந்தபுரத்தின் நடுவிலுள்ள தம்பானூர் வரை போய்விட்டது. மதராஸ் பத்திரிகை மலையைச் சுற்றிவந்து இறங்கும்போது செய்தி ஆறிப்போயிருக்கும். உள்ளூரில் அச்சடித்தால் அந்தச் சங்கடம் இல்லை.

இன்னொரு விஷயம், எல்லோரும் நாலு தாலுகா நாலு தாலுகா என்றே பேசுகிறீர்கள், செங்கோட்டையும் அன்றைக்குத்தான் வந்தது. அதுவும் முழுசாக இல்லை, மேற்கே மலைக்காட்டுப் பகுதி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கேட்டது ஒன்பது தாலுகா. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை, சித்தூர் நான்கும் கிடைக்கவில்லை.

வடசேரி அண்ணாச்சி:
சரி சரி, செங்கோட்டையை விட்டது தப்புதான் :) விளம்பரம் பற்றிச் சொன்னதும் யோசிக்க வேண்டியதுதான்.

முதல் பத்திரிகை பற்றித் தம்பி கேட்டதற்கு: முதல் அச்சகத்தையும் முதல் பத்திரிகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1818-ல் நாகர்கோவில் வந்த லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மீட் அடுத்த சில வருஷங்களில் இங்கே அச்சகம் வைத்துவிட்டார். ஆனால் அதில் வந்தது பெரும்பாலும் வேதப் புத்தகமும் பள்ளிப் பாடமும். மலையாளத்தின் முதல் பத்திரிகையான ராஜ்யசமாசாரம்கூட 1847-ல் தலைச்சேரிப் பக்கம் கல்லச்சில்தான் (ஈய எழுத்து இல்லாமல் கல்லில் எழுதி எடுக்கிற அச்சு) வந்தது, ஜெர்மன் பாதிரியார் குண்டர்ட் நடத்தினார். அச்சகம் இருந்தால் மறுநாளே பத்திரிகை வந்துவிடாது. கம்பாசிட்டர் ஒவ்வொரு ஈய எழுத்தாகப் பொறுக்கி அடுக்க வேண்டும், தினப் பத்திரிகை என்றால் அதையே ராத்திரிக்கு ராத்திரி செய்ய வேண்டும்.

நடத்தினாலும் நிம்மதி கிடையாது. சுதேசாபிமானி என்ற மலையாளப் பத்திரிகையின் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை நெய்யாற்றின்கரைக்காரர். திருவிதாங்கூர் திவானை, அதாவது மன்னரின் தலைமை அமைச்சரை, விமர்சித்து எழுதியதற்காக 1910 செப்டம்பர் 26-ல் அச்சகத்தைப் பறிமுதல் செய்து, அவரை நம்ம ஆரல்வாய்மொழி வழியாகத்தான் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் கணவாயில் காற்றாலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

திருத்தணிக்காரி:
வடக்கு எல்லையிலிருந்து ஒரு வார்த்தை. எங்களுக்கும் எல்லைச் சண்டை இருந்தது, மா.பொ.சி. வந்து நின்றார், 1960 ஏப்ரல் 1-ல்தான் ஆந்திராவிலிருந்து திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. ஆனால் இந்தச் சண்டையின் குரல் சென்னையில் அச்சான அவருடைய செங்கோல் பத்திரிகையில்தான் ஒலித்தது. சென்னை கூப்பிடு தூரம், ரயிலும் உண்டு, உங்களைப் போலத் தலைநகரம் மறுபக்கம் மாட்டிக்கொள்ளவில்லை.

அப்புறம் அண்ணே, அந்தத் தாளை லேமினேஷன் மட்டும் பண்ணிவிடாதீர்கள். என் மாமனாரின் பழைய தாள் ஒன்றைக் கடையில் கொடுத்துப் பண்ணினேன், சூட்டில் சுருங்கி நடுவில் கிழிந்து, இப்போது பிளாஸ்டிக்குக்குள் பொடியாக இருக்கிறது. வெயில் படாமல் மடிக்காமல் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வையுங்கள். முதலில் பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

களியக்காவிளைக்காரன்:
அக்கா, நல்ல வேளை சொன்னீர்கள், நாளைக்குக் கடைக்குக் கொண்டுபோவதாக இருந்தேன். போட்டோ எடுத்தாச்சு. பெரிதாக்கிப் பார்த்தால் மூலையில் பாதி கிழிந்த ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் இருக்கிறது, கடைப் பெயர் போய்விட்டது, முகவரி மட்டும் மிச்சம்: சாலை, திருவனந்தபுரம். செங்கோட்டை அண்ணன் மீசையை முறுக்கிக்கொள்ளலாம்.