காப்பி விலை: தாத்தா சொல்வது சரியா, அப்பா சொல்வது சரியா?

பண்ணைக்காட்டுப் பையன்:
வணக்கம். கொடைக்கானல் பக்கம் பண்ணைக்காட்டில் எங்களுக்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா வகைக் காப்பி விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. தாத்தாவுக்கு அதில் சந்தோஷமே இல்லை. "அரசின் காப்பி போர்டு வாங்கிய காலத்தில் இப்படி ஏறி இறங்காது" என்கிறார். அப்பாவோ, "போர்டு பிடி தளர்ந்த பிறகுதான் நாம் நிமிர்ந்தோம்" என்கிறார். 1991-இல் டெல்லி கொண்டுவந்த பொருளாதாரத் தாராளமயம்தான் திருப்புமுனையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாண்டிக்குடி காப்பிக்காரன்:
தம்பி, இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஆனால் என்னைக் கேட்டால் திருப்புமுனை 1991 இல்லை, 1989 ஜூலை. நடந்த இடம் டெல்லி இல்லை, லண்டன்.

1962-இல் காப்பி விளைவிக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்து சர்வதேச காப்பி ஒப்பந்தம் போட்டன. விலை சரிந்தால் எந்த நாடு எத்தனை மூட்டை ஏற்றுமதி செய்யலாம் என்று கோட்டா வைத்து இறுக்குவார்கள். லத்தீன் அமெரிக்கா கம்யூனிஸ்ட் பக்கம் சாய்ந்துவிடுமோ என்ற பயம் இருந்தவரை அமெரிக்கா இதற்கு ஒத்துழைத்தது. பனிப்போர் அடங்க, அந்தப் பயமும் போனது. கோட்டாவைப் பங்கு போடுவதில் பிரேசிலோடு தகராறு வேறு. 1989 ஜூலை 4-ஆம் தேதி, ஒப்பந்தத்தை நடத்திய அமைப்பு இருந்த லண்டனில், கோட்டா நின்றது. தேங்கிக் கிடந்த சரக்கு சந்தையில் கொட்டியது, சில மாதங்களில் விலை ஏறக்குறைய பாதி.

நம் மலையில் அது உடனே உறைக்கவில்லை. 1942 சட்டப்படி, வீட்டுக்கும் விதைக்கும் போக மீதிக் காப்பி முழுவதும் போர்டின் பொதுத் தொகுப்புக்குத்தான். வெளியே விற்றால் குற்றம். போர்டு ஏலம் விட்டு, தரத்துக்குப் புள்ளி போட்டு, தவணை தவணையாகப் பணம் தரும். சர்வதேச ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்த சோவியத் நாடும் ரூபாய்க்கே நம் சரக்கை வாங்கியது. 1991 டிசம்பரில் அந்த நாடே கலைந்தது. அப்புறம் 1992-இல் 30 சதவீதம், அடுத்த ஆண்டு 50 சதவீதம், 1996-க்குள் முழுவதும் என்று நம் சரக்கை நாமே விற்கும் உரிமை வந்தது.

நடுவில் 1994-இல் பிரேசிலில் உறைபனி. விலை எகிறியது. பழத்தோல் உரிக்கும் சொந்தப் பல்பர், சிமெண்டுக் களம், ஓடு மாற்றிய வீடு எல்லாம் இங்கே அப்போது வந்தவைதான். உன் அப்பா சொல்லும் நிமிர்ச்சி அதுதான். தாத்தாவுக்கு நினைவிருப்பது அதற்குப் பிறகு வந்தது: வியட்நாம் 2000 வாக்கில் காப்பி விளைச்சலில் பிரேசிலுக்கு அடுத்த இடத்துக்கு ஏறியது, சரக்கு பெருகி விலை விழுந்தது. 2001-இல் எங்கள் வீட்டில் பழம் எடுக்கும் கூலிக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. உலக விலை சரிந்தால் முன்பு நாடுகள் கூடிப் பேசி தாங்கின. இப்போது மூன்று ஏக்கர்காரன் தனியாகத் தாங்குகிறான். இதை எந்தப் பட்ஜெட் உரையிலும் யாரும் சொல்லவில்லை, எனக்கு அதில்தான் ஆற்றாமை. எங்கள் பக்கம் நிழல் மரமான சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததும் காப்பி விலை விழுமோ என்ற பயத்தால்தான்.

கோத்தகிரி தேயிலை:
அண்ணா, சோவியத் அடி எங்களுக்கு இன்னும் பலமாக விழுந்தது. இலையை நசுக்கிச் சுருட்டிச் செய்யும் நீலகிரி சிடிசி தேயிலைத் தூளுக்கு அவர்கள் பெரிய வாடிக்கை. அந்த நம்பிக்கையில் உருளைக்கிழங்கை விட்டுத் தேயிலை வைத்த குடும்பங்கள் ஏராளம். 90-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது திரும்பிப் போக வழியில்லை, செடியைப் பிடுங்கினால் ஆண்டுக்கணக்கில் வருமானம் போய்விடும். நீங்கள் பழத்தோல் உரித்த கொட்டையை, அதாவது பார்ச்மெண்டைக் காயவைத்து மூட்டை கட்டிக் காத்திருக்கலாம். எங்கள் இலை பறித்த அன்றே ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும். சொன்ன விலைதான் விலை.

பண்ணைக்காட்டுப் பையன்:
ரொம்ப நன்றி. அப்படியானால் இந்த ஆண்டுச் சரக்கை வைத்திருக்கலாமா?

தாண்டிக்குடி காப்பிக்காரன்:
கடன் இல்லையென்றால் வைத்திரு. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கூலிக்கும் உரத்துக்கும் ஆகிற அளவை இப்போதே விற்றுவிடு, மீதியை ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள். தாத்தாவிடம் பழைய போர்டு சீட்டு இருந்தால், பெயரை மறைத்துவிட்டு இங்கே படம் போடு. எந்த வருஷச் சரக்குக்கு எத்தனை தவணை வந்தது என்று சேர்ந்து பார்க்கலாம்.