கல்யாண மேக்கப்புக்கு பிரைமர்: போட்டுப் பார்த்து வாங்க வழி இருக்கிறதா?

தூத்துக்குடி_மல்லி:

எல்லோருக்கும் வணக்கம். வரும் தை மாதம் எனக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்குப் பார்லர் அக்கா வந்து மேக்கப் போடுகிறார். முந்தின நாள் சாயங்காலம் வரவேற்புக்கும், அப்புறம் வரும் மறுவீடு, விருந்துகளுக்கும் நானே போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஃபவுண்டேஷன், காம்பாக்ட், காஜல், லிப்ஸ்டிக் எல்லாம் கைவசம் இருக்கின்றன. ஃபவுண்டேஷனுக்கு முன்னால் அடிப்பூச்சாகப் போடும் பிரைமர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழியும். கன்னங்கள் சாதாரணம், பனிக்காலத்தில் லேசாக வறளும். மூக்கின் இரண்டு பக்கமும் சருமத் துவாரங்கள் நன்றாகத் தெரியும். எங்கள் ஊர் வெயிலும் உப்புக்காற்றும் தெரிந்ததுதானே, காலை பத்து மணிக்கே மேலுதட்டில் வியர்த்துவிடும். நான் போடும் ஃபவுண்டேஷன் மேபிலின் ஃபிட் மீ, பளபளக்காத மேட் வகை. அதற்கு முன்னால் ஜெல் சன்ஸ்கிரீன்.

தோழியின் பிரைமரை ஒரு விசேஷத்துக்குப் போட்டுப் பார்த்தேன். தேய்க்கத் தேய்க்கத் தாடையோரம் வெள்ளை வெள்ளையாகத் திரி திரியாக உருண்டு வந்தது. முழுவதையும் கழுவிவிட்டு மறுபடி முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. ஆனால் அதே பிரைமர் அவள் முகத்தில் அழகாக உட்காருகிறது!

கடைக்குப் போனால் புறங்கையில் ஒரு சொட்டு தேய்த்து, "பாருங்க மேடம், எவ்வளவு வழுவழுன்னு இருக்கு" என்கிறார்கள். எல்லாமே கையில் வழுவழுப்பாகத்தான் இருக்கிறது. நல்லதாக வாங்கினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. வாங்கித் திறந்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள். முகத்தில் போட்டுப் பார்க்கும் அளவுக்குச் சாம்பிள் கிடைக்க வழி உண்டா? என் சருமத்துக்கு எந்த வகை ஒத்துவரும்?

கோவை_சுபா:

வாழ்த்துகள் மல்லி! எனக்கு முழுக்க வறண்ட சருமம். துவாரங்களை மறைக்கும் பிரைமர் போட்டால் மூக்கோரம் தோல் உரிவது இன்னும் எடுப்பாகத் தெரியும். அதனால் நல்ல மாய்ஸ்சரைசர் போட்டு, அது தோலில் இறங்கும்வரை பொறுத்து, நேராக ஃபவுண்டேஷன்தான். என் தங்கைக்கு எண்ணெய்ச் சருமம். அவள் பிரைமர் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டாள். ஒரே வீட்டிலேயே இப்படி என்றால், அடுத்தவர் சொல்லும் பெயரை நம்பி வாங்காதீர்கள். சாம்பிள் கேட்பதில் வெட்கமே வேண்டாம். நான் எப்போதும் கேட்பேன்.

திருச்சி_மணமகள்_அலங்காரம்:

மல்லி, வயதில் சின்னவள் என்பதால் நீ என்றே எழுதுகிறேன். மணப்பெண் அலங்காரம்தான் என் தொழில். நீ கேட்டது என்னிடம் எல்லாப் பெண்களும் கேட்பதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உனக்கு உருண்டு வந்ததற்கு அந்த பிரைமர் மட்டமானது என்று அர்த்தம் இல்லை. அதன் கீழே என்ன இருந்தது, மேலே என்ன வந்தது என்று பார்க்க வேண்டும். பிரைமரில் பெரிய பிரிவு இரண்டு: சிலிகோன் வகை, தண்ணீர் வகை. டப்பாவின் பின்பக்கம் பொருள் பட்டியல் இருக்கும். அதிகம் உள்ளதுதான் முதலில் வரும். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் போடலாம். அதனால் முதல் நாலைந்து பெயர்களைப் பார்த்தால் போதும். டைமெதிகோன், சைக்ளோபென்டாசிலாக்சேன் என்று கோன், சிலாக்சேன் என முடியும் பெயர்கள் முன்னால் நின்றால் அது சிலிகோன் வகை. அக்வா (தண்ணீர்தான்), கிளிசரின் என்று தொடங்கி, சிலிகோன் பெயர் ஏதும் மேலே இல்லை என்றால் தண்ணீர் வகை.

இதில் ஒன்றைக் கவனி. ஃபிட் மீ மேட் புட்டியைத் திருப்பிப் பார், முதலில் அக்வா என்று இருக்கும், அடுத்ததே சைக்ளோஹெக்சாசிலாக்சேன். அதாவது தண்ணீர் இருந்தாலும் அது சிலிகோன் பக்கம் சேர்ந்தது. அதன்கீழே சிலிகோன் பிரைமர் ஒத்துப்போகும். உனக்கு இடித்தது பெரும்பாலும் ஜெல் சன்ஸ்கிரீனாகத்தான் இருக்கும். அது காய்ந்து படியும் முன்பே மேலே பிரைமரைத் தேய்த்தால் திரி திரியாகத்தான் வரும். சன்ஸ்கிரீன் போட்டுவிட்டுத் தலையைப் பின்னு, பூ வை, வளையல் போடு. விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வந்த பிறகு பிரைமரை எடு. அதையும் தேய்க்காதே. நடுவிரல் நுனியில் துளி எடுத்து, மூக்கோரத்தில் ஒற்றி ஒற்றி அழுத்து. துவாரம் உள்ள இடத்துக்கு மட்டும் போதும், தாடைவரை இழுக்க வேண்டியதில்லை.

துவாரத்தை மூடும், சுருக்கும் என்று விளம்பரத்தில் சொல்வதை நம்பாதே. துவாரம் திறந்து மூட அதில் தசையே கிடையாது. பூச்சுக்காரர் சுவருக்குப் பட்டி பார்ப்பது போல, சிலிகோன் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து மேற்பரப்பைச் சமமாகக் காட்டும், அவ்வளவுதான். மெல்லிய சிலிகோன் காற்றில் பறந்துவிடும், கனமானது படலமாகத் தங்கும். அதனால்தான் போட்ட கையோடு ஒரு மாதிரியும் கொஞ்சம் கழித்து வேறு மாதிரியும் தெரியும். புறங்கைச் சோதனை உதவாது என்று நான் அடித்துச் சொல்வதும் இதனால்தான். புறங்கையில் எண்ணெய் வழியாது, மூக்கில் உள்ளது போன்ற துவாரமும் கிடையாது.

இன்னொரு விஷயம். ஸ்மாஷ்பாக்ஸ் என்ற மேக்கப் கம்பெனியை 1996இல் தொடங்கியவர்கள் டேவிஸ், டீன் என்ற ஃபாக்டர் சகோதரர்கள், ஹாலிவுட் மேக்கப்பில் பேர்பெற்ற மேக்ஸ் ஃபாக்டரின் கொள்ளுப்பேரன்கள். லாஸ் ஏஞ்சலஸில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர்கள். அவர்களுடைய ஃபோட்டோ ஃபினிஷ் பிரைமர் கேமராவை மனதில் வைத்து வந்தது. ஸ்டுடியோ வெளிச்சம் வேறு, ஓமப் புகைக்கு முன்னால் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருப்பது வேறு. அதனால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் நம் ஊர்ச் சூட்டில், உன் முகத்தில் சில மணி நேரம் தாங்குகிறதா என்று பார்த்த பிறகே காசைக் கொடு.

சரி, சாம்பிளுக்கு வருவோம். சென்னைப் பக்கம் போகிறாய் என்றால் நைக்கா, செஃபோரா, டீரா போன்ற கடைகளில் போட்டுப் பார்க்கத் திறந்து வைத்திருக்கும் டெஸ்டர் இருக்கும். மதுரை, திருநெல்வேலியிலும் பெரிய கடைகளின் மேக்கப் கவுண்டரில் கேட்கலாம். போகும்போது முகத்தில் வேறு மேக்கப் வேண்டாம். வீட்டில் போடும் அதே சன்ஸ்கிரீன், அது மட்டும். ஃபவுண்டேஷனைப் பையில் எடுத்துக்கொள். கவுண்டரில் உள்ள பெண்ணிடம், "மூக்கில் ஒரு பக்கமும் ஒரு கன்னத்திலும் மட்டும் போடுங்கள், மற்ற பக்கம் அப்படியே இருக்கட்டும்" என்று சொல். டெஸ்டர் முனையை நேராக முகத்தில் வைக்க விடாதே. புதிய ஸ்பேச்சுலாவில், அதாவது சின்னத் தட்டைக் குச்சியில், எடுத்துத் தரச் சொல். இரண்டு பக்கமும் உன் ஃபவுண்டேஷனைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடு. பஜாரைச் சுற்று, புடவை பார், சாப்பிடு. மூன்று மணி நேரம் கழித்து வாசல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பார். பிரைமர் போட்ட பக்கமும் போடாத பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அந்தப் பொருள் உனக்குத் தேவையில்லை. கடை டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யாதே, அதில் எல்லா முகமும் நன்றாகத்தான் இருக்கும்.

கழுவிக் காயவைத்த சின்ன டப்பா ஒன்றைக் கொண்டுபோய், இரண்டு நாளைக்கு ஆகும் அளவு கேட்டுப் பார். சில இடங்களில் தருவார்கள், சில இடங்களில் கிடையாது என்பார்கள். தரவில்லை என்றால் மினி அளவு இருக்கிறதா என்று கேள். கிராம் கணக்கில் பார்த்தால் மினி விலை கூடுதல்தான். ஆனால் ஒத்துவராத பெரிய டியூப் அலமாரியில் கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கடைசியாக பிளாஷ் சோதனை. இதை மட்டும் விட்டுவிடாதே. முழு மேக்கப்போடு இருட்டு அறையில் நின்று, பிளாஷ் போட்டு ஒரு படம் எடு. சிலிகா அதிகமுள்ள பவுடரும், டைட்டானியம் டை ஆக்சைடு, ஜிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீனும் பிளாஷில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நேரில் தெரியாது, ஆல்பத்தில் முகம் மட்டும் வெளுத்து, கழுத்து வேறு நிறமாக நிற்கும். மாநிறம், கறுப்பு நிறத்துக்கு இது இன்னும் எடுப்பாகத் தெரியும். பச்சை நிற பிரைமரை யாராவது விற்கப் பார்த்தால் வேண்டாம் என்றுவிடு. அது சிவந்த சருமத்துக்கானது. நம் நிறத்தில் சாம்பல் பூத்துவிடும். கண்ணுக்குக் கீழே கருமை இருந்தால் நிறத்தைச் சரிக்கட்டும் ஆரஞ்சு சாயல் கரெக்டரைப் பார்.

மதுரை_ஃபார்மஸிஸ்ட்:

திருச்சி அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கடையில் மூன்று மணி நேரம் தாங்கியது என்பது மேக்கப் நிற்குமா என்பதற்கான சோதனை. அலர்ஜி வருமா என்பது தனி. ஒவ்வாமை பல நேரம் உடனே காட்டாது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அரிப்பும் தடிப்பும் வரும். அதனால் முந்தின நாள் ராத்திரி காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துவிட்டு மறுநாள் மணமேடைக்குப் போவது போதாது.

அமெரிக்கத் தோல் மருத்துவர்களின் சங்கம் சொல்லும் முறை இது: முன்கையின் உட்புறம் அல்லது முழங்கை மடிப்பில் ஒரே இடத்தில், நாளுக்கு இரண்டு வேளை, 7 முதல் 10 நாள் வரை தடவிப் பாருங்கள். சிவப்பு, அரிப்பு, வீக்கம் எதுவும் இல்லை என்றால் முகத்துக்குப் போகலாம். மினி அளவு வாங்கினால்தான் இதற்குப் போதும். வாசனை சேர்த்ததை, அதாவது பட்டியலில் பர்ஃப்யூம் அல்லது ஃப்ராக்ரன்ஸ் என்று இருப்பதை, முகூர்த்த நேரத்தில் புதிதாகத் தொடங்காதீர்கள்.

இணையத்தில் பெரிய டியூபிலிருந்து பிதுக்கி, பேர் தெரியாத குப்பியில் சாம்பிள் என்று விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, பொருள் பட்டியல் எதுவும் அதில் இருக்காது. நாளைக்கு முகம் வீங்கினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டரிடம் காட்ட உங்கள் கையில் ஒன்றுமே இருக்காது. ஒரிஜினல் டியூபில் திறந்த டப்பா படம் போட்டு, உள்ளே 12எம் என்று எழுதியிருந்தால், திறந்த நாளிலிருந்து 12 மாதம் என்று அர்த்தம். எந்தத் தேதியில் திறந்தீர்கள் என்று மார்க்கரால் டியூபிலேயே எழுதிவிடுங்கள்.

எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) உள்ள பிரைமர் இருக்கிறதே, சன்ஸ்கிரீன் வேண்டாம்தானே என்று எங்கள் கடையில் கேட்பார்கள். வேண்டும். எஸ்பிஎஃப் எண்ணை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவித்தான் கணக்கிடுகிறார்கள். பிரைமரை யாரும் அவ்வளவு போடுவதில்லை.

தூத்துக்குடி_மல்லி:

அக்கா, இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மிக்க நன்றி. புட்டியைத் திருப்பிப் பார்த்தேன், நீங்கள் சொன்னது போலவே இரண்டாவது பெயர் அதுதான். இன்று சன்ஸ்கிரீன் போட்டு, நன்றாகப் பொறுத்து, அப்புறம் தோழியின் பிரைமரை மூக்கில் மட்டும் ஒற்றினேன். உருளவே இல்லை!

இன்னும் இரண்டு சந்தேகம். கன்னம் வறள்கிறது, மூக்கு வழிகிறது என்றால் இரண்டு பிரைமர் வாங்க வேண்டுமா? முகூர்த்தத்துக்குப் போடும் பார்லர் அக்காவிடம் என்ன பிரைமர் என்று கேட்டால் தப்பாக நினைப்பாரோ?

திருச்சி_மணமகள்_அலங்காரம்:

இரண்டு வேண்டாம். மூக்கு, நெற்றி நடு, மேலுதடு, இந்த மூன்று இடத்துக்கும் சிலிகோன் பிரைமர். கன்னத்துக்கு உன் மாய்ஸ்சரைசரே போதும். ஒட்டும் பதத்தில் கிரிப் பிரைமர் என்று ஒரு வகை வருகிறது. மேக்கப்பைப் பிடித்து வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது காயக் கொஞ்சம் நேரம் எடுக்கும், மேலே ஃபவுண்டேஷனை ஸ்பாஞ்சால் தட்டித்தான் வைக்க வேண்டும், இழுத்தால் திட்டுத் திட்டாகும். நீயே போட்டுக்கொள்ளும் வரவேற்பு நாளில் அவசரம் இருக்கும், அதனால் உனக்கு அது தோதுப்படாது என்பது என் அபிப்பிராயம்.

பார்லர் அக்காவிடம் தாராளமாகக் கேள். தொழில் தெரிந்தவர் யாரும் தப்பாக நினைக்க மாட்டார். என்னிடம் ஒரு பெண் தன் டியூபையே கொண்டுவந்து, "இது எனக்கு ஒத்துக்கொண்டது, இதையே போடுங்கள்" என்றால் எனக்கு நிம்மதிதான். ஆனால் அவர் ஏர்பிரஷ், அதாவது சின்னக் கருவியால் ஃபவுண்டேஷனைத் தூவிப் போடும் முறையில், போடுகிறார் என்றால் அதில் ஊற்றும் ஃபவுண்டேஷன் தண்ணீர் வகையா, சிலிகோன் வகையா என்று முதலில் கேட்டுக்கொள். உன் பிரைமரையும் அவருடைய ஃபவுண்டேஷனையும் புறங்கையில் ஒரு சொட்டு கலந்து பார்க்கச் சொல். புறங்கை இதற்கு உதவும். பால் திரிந்தாற்போல் பிரிந்தால் அவருடைய பிரைமரையே போடட்டும், ஆனால் அதையும் முன்கூட்டியே வாங்கி முழங்கை மடிப்பில் பார்த்துக்கொள்.

டிரையல் கட்டாயம் வைத்துக்கொள். நலங்கு மஞ்சள் பூசிய மறுநாள் வேண்டாம், முகம் மஞ்சளாக இருக்கும்போது ஃபவுண்டேஷன் நிறம் சரியாகப் பிடிபடாது. கார்த்திகைக்குள் முடித்துவிடு, மார்கழி முழுக்க உனக்குக் கையில் நேரம் இருக்கும். டிரையல் முடிந்ததும் பிளாஷ் போட்டு எடுத்த படத்தை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்பு, கழுத்தும் தெரியட்டும்.